முன்வரிசையில் ஒரு நாற்காலி

எங்கள் மெல்லிசைக் குழுவின் வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். யாரோ ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தங்கள் நாட்டிலிருந்து அதை ஓட்டிக்கொண்டே புதுச்சேரிவரை வந்து, இங்கேயே தங்கிவிடலாம் என்று தோன்றியதும் விற்றுவிட்டார்கள். எங்கள் முதலாளி வாங்கினார். உள்ளே மடக்குக் கட்டில் இரண்டு, கை கழுவும் தொட்டி ஒன்று, சன்னல்களுக்குப் பூப்போட்ட திரை. கேரவன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் என் வலது பக்கம் உட்கார்ந்திருப்பவன் தலையை வெளியே நீட்டிப் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும். அவன் தூங்கிவிட்டால் எல்லார் உயிரும் சாமி கையில்.

நான் டிரைவர். சமையலும் நானே. ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாடும் முதலாளி, தபலாக்காரர், கிதார்க்காரர், நான், கடைசியாகத் தம்பி, ஆக ஐந்து பேர். மாசியில் கிளம்பினால் ஆடி முடியும்வரை வண்டிதான் வீடு. திருவிழா நடக்கிற ஊருக்குப் போவோம், பாடுவோம், தூங்கி எழுந்து அடுத்த ஊருக்குப் போவோம். பம்புசெட்டில் குளியல், புளியமரத்தடியில் அடுப்பு. பார்ப்பவர்களுக்கு இது கொடுத்து வைத்த வாழ்க்கையாகத் தெரியும். ஐந்து ஆம்பளைகளின் ஈரத்துண்டு ஒரே கயிற்றில் காய்கிற வண்டிக்குள் ஒரு வாரம் படுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேச வேண்டும்.

தம்பி என்று நான் சொல்வது எங்கள் பெண் குரலை. எழுபதுகளின் கடைசியில் ஊர் ஊராய் வண்டியில் போகும் குழுவுக்குப் பாட்டுக்காரப் பெண் கிடைப்பது லேசில்லை. அதனால் பெண் குரலில் பாடும் ஆண்களுக்குக் கிராக்கி இருந்தது. பல பேர் தொண்டையை இறுக்கிக் கீச்சுக் கீச்சென்று பாடுவார்கள், கூட்டம் சிரிக்கும். இவன் பாடினால் சிரிக்க மாட்டார்கள். பெண்கள் பக்கம் சத்தம் அடங்கிவிடும். ஒரு ஊரில் கல்யாணமாகி வந்த புதுப்பெண் ஒருத்தி மேடைக்குப் பின்னால் வந்து, பாடிய அக்காவைப் பார்க்க வேண்டும் என்று நின்றாள். இவன்தான் என்று காட்டியதும் நம்பாமல் என்னைத் திட்டிவிட்டுப் போனாள்.

அவன் சொந்த ஊர் முதலியார்பேட்டை. அப்பா மில்லில் தறி ஓட்டுகிறவர், முப்பது வருஷமாக. பொம்பளைக் குரலில் பாடுகிறவன் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லி நான்கு வருஷத்துக்கு முன்னால் அவனை வெளியே அனுப்பியிருந்தார். போன வருஷம் அம்மா இறந்துபோனாள். தந்தி எங்களைத் தேடி மூன்று ஊர் சுற்றி வந்ததில், அவன் போய்ச் சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. அப்பா உள்ளேயிருந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த மாதம் அம்மாவுக்கு முதல் திவசம். அதற்கு வீட்டுக்குள் விட வேண்டும், அம்மாவுக்குத் தன் கையால் செய்ய வேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"அவரு என் பாட்ட ஒரு தடவகூட கேட்டதில்லண்ணே. ஊர்ல எவனோ சொன்னத வச்சுக்கிட்டுத்தான் கோவம். ஒரே ஒரு பாட்டு கேட்டாருன்னா போதும்" என்பான். சாப்பிடும்போது சொல்வான், டயர் மாற்றும்போது சொல்வான். கேட்டுக் கேட்டு எனக்கே அது நியாயமாகப் பட ஆரம்பித்துவிட்டது. அந்தக் குரலைக் கேட்டுவிட்டு ஒரு மனுஷன் கதவைச் சாத்த முடியாது என்று நானும் நம்பினேன்.

கடலூர்ப் பக்கம் ஒரு ஊரில் சனிக்கிழமை பாடினோம். அடுத்த கச்சேரி திண்டிவனம் பக்கத்தில், திங்கட்கிழமை. நடுவில் ஒரு ஞாயிறு சும்மா கிடைத்தது. புதுச்சேரியில் தங்கலாம் என்று முதலாளி சொன்னதும் வண்டிக்குள் ஒரே கொண்டாட்டம். தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு, புதுச்சேரியில் கிடையாது. எனக்குக் குடல்புண், இவர்கள் எல்லையைத் தாண்டியதும் பல்லிளிப்பதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அரியாங்குப்பத்தில் ஆற்றோரம் ஒரு தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாடகை சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு நெல்லித்தோப்பு போய்க் கறி வாங்கினேன். திரும்பி வந்து கறியை அடுப்பில் ஏற்றி, ஆற்றில் வலை போட்டவரிடம் எறா வாங்கி உரிக்கச் சொல்லி, அடுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி கிதார்க்காரரிடம் கெஞ்சிவிட்டு முதலியார்பேட்டைக்குக் கிளம்பினேன். அப்பாவை அழைத்துவரத் தம்பி போனால் நடக்காது என்று நான் போவதாக ஏற்பாடு.

அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெருவிலிருந்தே கூப்பிட்டேன். இரண்டாம் தடவையும் கூப்பிட்டேன். திரும்பவில்லை. திமிரைப் பார் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அம்மா கோலமாவு டப்பாவோடு நின்றிருந்தாள்.

"மின்னால போயி நின்னு பேசுங்க. மில்லுக்காரங்க அப்படித்தான்" என்றாள்.

முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். அக்கம்பக்கம் கேட்டுவிடக் கூடாதே என்று குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினேன். எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு. அவருக்கு எல்லாம் விளங்கியது.

"ஒங்க மவனோட வேல செய்றேன். அரியாங்குப்பத்துல வண்டி நிக்கிது. இன்னிக்கி கறி ஆக்குறோம். நீங்க வந்து ஒரு வாய் சாப்புடணும்."

"அவன் சொல்லியனுப்புனானா?"

"ஆமாங்க. சாப்புட்டதும் ஒரு பாட்டு. புடிக்கலன்னா எழுந்து வந்துடுங்க."

செயினைத் துடைத்து முடித்தார். பிறகு உள்ளே போய்த் துவைத்த வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். வழியில் ரொட்டிக்கடை முன்னால் சைக்கிளை நிறுத்தி, நீள ரொட்டி இரண்டு வாங்கிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டார். "அவனுக்குக் கறிக்கொழம்புன்னா சோறு வேணாம், இதான் வேணும்" என்றார். காரியம் பாதி முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பாலத்தின் மேல் பக்கத்துப் பக்கத்தில் சைக்கிள் மிதித்தோம். நான் அவர் மகனைப் பற்றி வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். அவரிடமிருந்து ஒரு 'உம்'கூட வரவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டபோதும் அவர் ஓரம் ஒதுங்காமல் நடுவிலேயே போனார். டிரைவர் எட்டிப் பார்த்துத் திட்டிய திட்டை நான்தான் வாங்கிக்கொண்டேன். பெரிய பிடிவாதக்காரர் என்று எண்ணினேனே தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. மடையன்.

தோப்பில் தம்பி குளித்துத் தலைவாரி நின்றிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் அவன் செய்த முதல் காரியம், கிட்டே வந்து அவர் தோளைத் தொட்டு, அவர் முகம் தன் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, பிறகு "வாங்கப்பா" என்றது. மரியாதை என்று நினைத்தேன். சாப்பாடு முழுக்க அப்படித்தான் நடந்தது. தொட்டான், காத்திருந்தான், பேசினான். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அப்பாவிடம் அப்படித்தான் பேசியிருக்கிறார்கள். அம்மா அப்படிப் பேசினாள், தெருவில் எல்லார் வீட்டிலும் தறிக்காரர்களிடம் அப்படித்தான் பேசினார்கள். ஏன் என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. அப்பா என்றால் அப்படி, அவ்வளவுதான்.

கறிக்குழம்பு, எறா வறுவல், ரசம். குடித்திருந்த மூன்று பேரும் அன்று அதிசயமாக ஒழுங்காக நடந்துகொண்டார்கள். தம்பி ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துத் தின்பதை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மெலிஞ்சுட்ட" என்றார்.

"வண்டி சாப்பாடுதானப்பா."

சமைத்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை. அப்பா இலையை மடித்தார். கை கழுவிக்கொண்டு வந்து, "அடுத்த மாசம் ஒங்கம்மாவுக்கு..." என்று ஆரம்பித்து, மேலே சொல்லாமல் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தில் நான் அவரைச் சைக்கிள் ஏற்றி அனுப்பியிருக்க வேண்டும். பாட்டும் வேண்டாம் கூத்தும் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். கறியும் ரொட்டியுமே போதுமானதாக இருந்தது. இன்றுவரை எனக்கு அதுதான் ஆறவில்லை.

ஆனால் தம்பிக்குப் பாட வேண்டும். அம்மன் பாட்டாகப் பாடு என்று சொல்லிப் பார்த்தேன். "அதுல என் குரலு தெரியாதுண்ணே" என்றான். ஊர் ஊராய்க் கைதட்டல் வாங்கிய பாட்டு ஒன்று அவனிடம் இருந்தது. வெளியூர் போன புருஷனுக்காக வாசலில் காத்திருக்கும் பெண்ணின் பாட்டு. படுக்கை விரித்தேன், பூ வைத்தேன், இன்னும் வரவில்லையே என்று போகும். அதைத்தான் பாடுவேன் என்றான்.

வண்டியிலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்து நான் கடைசியில் போட்டிருந்தேன். பிறகு, அவருக்கு முகத்தைப் பார்த்தால்தான் பேச்சு ஏறுகிறது என்று நினைவு வந்து, அதை முன்னால் இழுத்து, தம்பிக்கு எதிரே மூன்றடி தூரத்தில் போட்டேன். யாரும் சொல்லவில்லை. நானாகச் செய்த வேலை அது.

முதலில் முதலாளி ஒரு பாட்டுப் பாடினார். அப்பா தபலாவையே பார்த்தபடி முழங்காலில் விரலால் தாளம் போட்டார். ஆற்றில் வலை போட்டவர்கள் நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். பிறகு தம்பி பாடினான்.

நான் அவன் பாட்டை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அன்றைக்குப் போல் கேட்டதில்லை. கைகளை விறைப்பாகத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு அசைவும் இல்லாமல், அப்பாவின் கண்ணைப் பார்த்துப் பாடினான். மைக் கிடையாது, மேடை கிடையாது. வலைக்காரர்களில் ஒருவர் கையிலிருந்த பீடியைப் பற்றவைக்காமலே வைத்திருந்தார். தபலாக்காரர் போதையிலும் அழுதார். நான் அடுப்புப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அப்பா அசையவில்லை. மகனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் குழப்பமாகப் பார்த்தார், பிறகு முகம் இறுகியது, கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

பாட்டு முடிந்ததும் எழுந்து அவன் எதிரே போய் நின்று பேசினார். எங்களுக்கு ஒரு சத்தமும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது, வேகமாக, பற்கள் தெரிய. தறிக்கூடத்தில் இரைச்சலில் யார் பேசினாலும் கேட்காது என்பதால் மில்லுக்காரர்கள் வாயை மட்டும் அசைத்துப் பேசுவார்கள், உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரியும். கோபம் வந்தால் வீட்டிலும் அவருக்கு அப்படித்தானாம். தம்பிக்கு அந்தப் பேச்சு சின்ன வயதிலிருந்தே தெரியும். அவனும் சத்தமில்லாமல் பதில் சொன்னான். தகப்பனும் மகனும் ஒருவர் முகத்தில் ஒருவர் எச்சில் படும் தூரத்தில் நின்று சண்டை போடுகிறார்கள், தோப்பில் தென்னை ஓலைச் சத்தம் மட்டும் கேட்கிறது. அப்பாவின் கண்ணில் படும்படி நின்றிருந்த வலைக்காரன் ஒருவன் சிரித்துவிட்டான். அப்பா சட்டென்று அவன் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தம்பி அங்கேயே நின்றான். "வர வேணாம்னுட்டாரு" என்றான், குரல் வந்து. "அம்மாவுக்குச் செய்ய என் கை வேணாமாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சைக்கிளை எடுத்து விரட்டிப் போனேன். பாலத்தில் பிடித்தேன். பின்னாலிருந்து கத்தியதெல்லாம் வீணாகி, முந்திப் போய்க் குறுக்கே நிறுத்திய பிறகுதான் நின்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்.

"நல்லாப் பாடுனானா?"

எனக்கு விளங்கவில்லை. கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.

"எதிர்லதான ஒக்காந்திருந்தீங்க?"

"தபலா லேசாத் தெரிஞ்சுது. இவன் பாட்டு ஒண்ணும் கேக்கல. மில்லுல காது போயி வருசமாச்சு. வாயப் பாத்துத்தான் வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன். படுக்க விரிச்சேன், பூ வச்சேன்னு எம் மவன் என்னப் பாத்துச் சொல்றான். அதான் எனக்குக் கெடச்சுது."

இத்தனை நாளாகக் குரல், குரல் என்று நம்பியிருந்தோம். அந்தக் குரல் அவரிடம் போய்ச் சேரவேயில்லை. போய்ச் சேர்ந்தது வார்த்தை மட்டும். அதுவும் நான் இழுத்துப் போட்ட நாற்காலியால்.

"பொம்பளைங்க அழுவாங்க அவன் பாட்டுக்கு. நான் அழுதேன்" என்றேன், அவர் பார்க்கும்படி மெதுவாக.

"இருக்கும். ஒங்களுக்குக் கேக்குது. நான் தெருவுல போனா, தூரத்துல நின்னு எவன் என் மவனப் பத்தி இன்னா சொல்லிச் சிரிக்கிறான்னு அத்தினியும் தெரியிது. அவன் வாயி தெரியிதே. காது கேக்குறவனுக்கு அந்தக் கஷ்டம் இல்ல."

"தம்பிகிட்ட இதச் சொல்றேங்க. காது கேக்கலன்னு தெரிஞ்சா அவன் மனசு..."

"சொல்லாத." சைக்கிள் கைப்பிடியில் இருந்த என் கையைப் பிடித்தார். "சொன்னா என்னப் பாத்துப் பாவப்படுவான். பாவம் பாத்து வர்றவன் எனக்கு வேணாம். மில்லுலயும் தெரிஞ்சா தறிய விட்டு எறக்கிடுவான். ஒம் புள்ளைங்க மேல ஆணையா சொல்லாத."

எனக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்தும் சரி என்று தலையாட்டினேன்.

திரும்பி வந்தபோது தம்பி எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தான். "கேட்டுட்டுத்தானண்ணே சொல்றாரு. அப்புறம் இன்னா இருக்கு?" என்றான். நான் பாத்திரம் கழுவினேன். அன்றே சொல்லியிருக்கலாம். மறுநாள் வண்டியில் அவன் என் வலது பக்கம் உட்கார்ந்து தலையை நீட்டி லாரி வருகிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தபோது சொல்லியிருக்கலாம். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், சொன்னால் நாற்காலியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

திவசத்துக்கு அவன் போகவில்லை. ஆடி முடிந்ததும் குழுவைவிட்டு நின்றுவிட்டான். முதலாளி திட்டினார், கெஞ்சினார், கடைசியில் வேறொருவனைச் சேர்த்தார். அவன் கீச்சுக் கீச்சென்று பாடினான், கூட்டம் சிரித்தது. இரண்டு வருஷத்தில் குழுவும் கலைந்தது, வண்டியும் எங்கோ போனது.

எண்பதுகளின் நடுவில் அவன் அப்பா காலமானார் என்று கேள்விப்பட்டேன். கொள்ளி வைக்கத் தம்பி வந்தானாம். எனக்கு அதற்குப் பிறகு தூக்கம் சரியில்லை. வாக்கு வாங்கியவரே போய்விட்டார், இனி யாருக்காக மறைக்க வேண்டும்? பெற்ற அப்பா தன் குரலை வெறுத்துவிட்டார் என்றல்லவா இந்தப் பையன் நினைத்துக்கொண்டிருக்கிறான், உண்மை தெரிந்தால் அவன் மனசு ஆறும், ஒருவேளை மறுபடி பாடவும் செய்வான் என்று கணக்குப் போட்டேன். விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தலை முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. கழுத்தில் அளவு நாடா. "அண்ணே!" என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப்போனான். நான் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பாலத்தில் அவர் கேட்ட கேள்வி, காது, மில், நான் கொடுத்த வாக்கு, நாற்காலி. எதையும் விடவில்லை.

அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். அழுவான் என்று எதிர்பார்த்தேன். என்மேல் கோபப்பட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அப்ப ஒண்ணுமே கேக்கலையா அவருக்கு?"

"தபலா மட்டும் லேசா."

டம்ளரைப் பெஞ்சில் வைத்தான்.

"வேணாம்னு சொன்னாரு. சொல்லட்டும். ஆனா என் பாட்ட ஒரு தடவ முழுசா ஒக்காந்து கேட்டாரு, பாதியில எழுந்து போகலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அத வச்சுக்கிட்டுத்தான் இத்தினி வருசம் ஓட்டுனேன். கொள்ளி வைக்கிறப்பகூட அதத்தான் நெனச்சேன்." என் முகத்தையே பார்த்தான். "அது இல்லன்னு சொல்லவாண்ணே பஸ் ஏறி வந்தீங்க?"